'கெட்' என்ற எடுபிடிச் சொல்: பொருளும் பயன்பாடும், முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் இங்கிலிஷ் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஓ.எல்., ஏ.எல். பிள்ளைகள். மற்றவர்கள் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுசிலும் படகிலும் ஓட்டோவிலும் வேலை செய்கிறவர்கள். பிள்ளைகளுக்குக் கிராமர் தெரியும், ஆனால் வாய் திறக்காது. ஓட்டோ ஓடுகிற தம்பிமாருக்கு வாய் நன்றாகவே திறக்கும், எழுதத்தான் கை வராது. இரண்டு தரப்பும் தவறாமல் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. அதுதான் 'கெட்' என்ற ஆங்கில வினைச்சொல்.

அகராதியில் 'பெறு, அடை' என்று போட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்துவிட்டு வேலைக்குப் போகிறோம். கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் "இட்ஸ் கெட்டிங் டார்க், லெட்ஸ் கெட் பேக்" என்கிறாள். இருட்டை யார் பெறுகிறார், முதுகை யார் அடைகிறார் என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கல்யாண வீட்டில் எடுபிடி வேலைக்கென்று ஒரு பையன் நிற்பான். தண்ணீர் கொண்டு வா என்றால் கொண்டு வருவான், ஆளைக் கூப்பிடு என்றால் கூப்பிடுவான். அவனுக்கென்று தனியாக ஒரு வேலை கிடையாது. 'கெட்' அந்தப் பையன். தனக்குப் பின்னால் வருகிற சொல் என்ன ஏவுகிறதோ, அதைச் செய்யும். அதனால் 'கெட்' எங்கே வந்தாலும் அதையே முறைத்துப் பார்க்க வேண்டாம். அடுத்து நிற்பது பொருளா, நிலையா, இடமா, ஆளா என்று பாருங்கள். கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த ஒரு பார்வையில் இருந்து வருபவைதான். உதாரணங்களை வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.

முதற்படி: வடிவங்கள்

நிகழ்காலம் 'கெட்', அவன் அவள் அது என்றால் 'கெட்ஸ்'. 'கெட்டிங்' என்று எழுதும்போது 'டி' எழுத்து இரண்டு தடவை வரும். இறந்தகாலம் 'கொட்'. 'ஹேவ்' உடன் சேரும் மூன்றாவது வடிவமும் பிரிட்டிஷ் வழக்கில் 'கொட்' தான். அமெரிக்கர் அந்த இடத்தில் 'கொட்டன்' என்பார்கள். அது அவர்கள் புதிதாகச் செய்துகொண்ட சொல் இல்லை. இங்கிலாந்தில் முன்பு புழங்கி, அங்கே தேய்ந்துபோய், கடல் கடந்து போன இடத்தில் மட்டும் தங்கிவிட்ட பழைய வடிவம். 'ஃபொகெட்' என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். அதனுடைய 'ஃபொகொட்டன்' இங்கிலாந்திலும் இன்றைக்கு வரைக்கும் உயிரோடு இருக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் வழக்கில் போவதால் பரீட்சையில் 'கொட்' என்றே எழுதுங்கள். அமெரிக்க விருந்தாளி 'கொட்டன்' என்றால் அவரைத் திருத்தப் போக வேண்டாம்.

இந்தப் படியில் எல்லோரும் விடும் பிழை, "ஐ டிடின்ட் கொட்". சரியானது "ஐ டிடின்ட் கெட்". 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, வினை அதை இன்னொரு தடவை சுமக்கத் தேவையில்லை. இதை விளங்கிக்கொள்ளத் தமிழே போதும். 'கிடைத்தது' என்பதை மறுக்கும்போது 'கிடைத்தவில்லை' என்கிறோமா? 'கிடைக்கவில்லை' என்கிறோம். அங்கே எப்படிக் காலம் கழன்று போகிறதோ, இங்கேயும் அப்படியே. "டிட் யூ கொட் த மெசேஜ்?" என்பதும் இதே காரணத்தால் பிழை.

இரண்டாம் படி: 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். தமிழர் 'கெட்' பழக இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

தமிழில் ஒரு பொருள் நம்மிடம் வந்து சேரும்போது அந்தப் பொருள்தான் எழுவாய்; நாம் 'எனக்கு' என்று ஓரமாக நிற்போம். எனக்குக் கடிதம் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது. தங்கச்சிக்குக் காய்ச்சல் பிடித்தது. ஆங்கிலத்தில் இந்த 'எனக்கு' ஆள் வாக்கியத்தின் முன்னால் வந்து 'ஐ' ஆக உட்கார்ந்துகொள்வார். வந்தது, கிடைத்தது, பிடித்தது என்ற மூன்றையும் ஒரே 'கொட்' விழுங்கிவிடும்.

எனக்குக் கடிதம் வந்தது: "ஐ கொட் எ லெட்டர்."
அவனுக்கு ஹோட்டலில் வேலை கிடைத்தது: "ஹி கொட் எ ஜொப் இன் எ ஹோட்டல்."
தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது: "மை சிஸ்டர் கொட் எ ஃபீவர்."
எங்களுக்கு நல்ல மழை கிடைத்தது: "வி கொட் குட் ரெயின்."

"எ லெட்டர் கேம் டு மி" என்று சொன்னால் பிழை என்று யாரும் கோடு போட மாட்டார்கள். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் சாதாரணப் பேச்சில் அப்படிச் சொல்வது அரிது. தமிழில் யோசித்துச் சொல்லுகிறார் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 'எனக்குப் பசிக்குது' என்பது "ஐ ஆம் ஹங்கிரி". 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்' என்பவற்றுக்கும் கெட் வராது. ஏதாவது ஒன்று புதிதாக நம்மிடம் வந்து சேர்ந்தால்தான் அதற்கு இங்கே வேலை. ஏற்கெனவே இருக்கிற அறிவுக்கும் விருப்பத்துக்கும் இல்லை.

அடுத்த சிக்கல் 'எடு'. ஈழத்துத் தமிழில் 'எடு' என்பதும் கெட் மாதிரியே பல வேலை பார்க்கிற சொல். சம்பளம் எடுத்தேன், மார்க்ஸ் எடுத்தேன், டிக்கட் எடுத்தேன், லீவு எடுத்தேன், போட்டோ எடுத்தேன், கோல் எடுத்தேன் என்போம். எல்லாவற்றுக்கும் 'டேக்' போட்டால் ஆபத்து. சம்பளமும் மார்க்சும் பிறர் தந்து நம் கைக்கு வருபவை, அவற்றுக்கு 'கொட்'. லீவும் போட்டோவும் 'டுக்'. நிலாவெளிக் கரைக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். போகிறவர்கள் டிக்கட் எடுக்க வேண்டும். அதை விருந்தாளிக்குச் சொல்லும்போது "யூ ஹேவ் டு கெட் எ டிக்கெட்" என்பது இயல்பு. கோல் எடுப்பதில் பொருளே தலைகீழாகிவிடும். "ஐ டுக் எ கோல்" என்றால் வந்த அழைப்புக்கு நான் பதில் சொன்னேன் என்று ஆகும். நாம் அழைத்திருந்தால் "ஐ கோல்ட் ஹிம்". நமக்கு வந்திருந்தால் "ஐ கொட் எ கோல்".

ஒரு பொருளை நமக்காக இல்லாமல் இன்னொருவருக்காகக் கொண்டு வருவதும் இந்தப் படியில் சேரும். அப்போது கெட்டுக்குப் பின்னால் முதலில் ஆள், பிறகு பொருள். "குட் யூ கெட் மி சம் வோட்டர்?" என்றால் தண்ணீர் கொண்டு வந்து தர முடியுமா என்று கேட்கிறார். சாப்பிட்டு முடிந்ததும் "கேன் ஐ கெட் த பில்?" என்றால் பில்லைக் கொண்டு வா என்று அர்த்தம். இரண்டு சிநேகிதர் இருக்கிற மேசையில் ஒருவர் "ஐல் கெட் திஸ்" என்றால், பில்லை அவரே கட்டப் போகிறார். பில்லை அவர் பக்கம் நகர்த்தி வையுங்கள். அதற்குப் பிறகும் மற்றவரிடம் காசு கேட்டு நிற்கிற பையன்மாரை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: நிலை மாற்றம்

பின்னால் வருவது பண்பைச் சொல்லும் சொல் என்றால், கெட் என்பது 'ஆகு'. "கெட் வெட்" நனைந்து போ, "கெட் டயர்ட்" களைத்துப் போ, "கெட் ஆங்ரி" கோபப்படு, "கெட் லேட்" நேரம் போ.

'கெட்டிங்' வந்தால், நாம் 'கொண்டு வருது' என்று சொல்லும் மெல்லிய மாற்றம். இருட்டிக்கொண்டு வருது: "இட்ஸ் கெட்டிங் டார்க்." நித்திரை வருது: "ஐ'ம் கெட்டிங் ஸ்லீப்பி." நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றோடு மழை இறங்கும்போது படகுக்காரர் சொல்ல வேண்டியது "த சீ இஸ் கெட்டிங் ரஃப்". "த சீ இஸ் ரஃப்" என்றால் இப்போது கடல் கொந்தளிப்பாக இருக்கிறது. 'கெட்டிங்' சேர்த்தால் இன்னும் மோசமாகப் போகிறது, திரும்புவோம் என்ற எச்சரிக்கையும் கூட வந்துவிடும். கடலில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

தொழிலைச் சொல்லும்போது மட்டும் கவனம். 'அக்கா டீச்சராக வந்தா' என்பதை "ஷி கொட் எ டீச்சர்" என்று சொன்னால், அக்காவுக்கு ஒரு டீச்சர் கிடைத்தார் என்று பொருள் போய்விடும். பின்னால் நிற்பது பெயர்ச்சொல் ஆகிவிட்டதால் கெட் இரண்டாம் படிக்கு ஓடிவிட்டது. அங்கே "ஷி பிகேம் எ டீச்சர்" என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: போய்ச் சேர்தல், ஏறுதல், இறங்குதல்

பின்னால் இடம் வந்தால் கெட் என்பது 'போய்ச் சேர்'. ஊர் பார்க்க வருகிறவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி இந்த வகைதான். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கிற ஒரு ஓட்டோவையும் இரண்டு பயணிகளையும் வைத்து ஒரு பேச்சை எழுதிப் பார்ப்போம்.

"ஹவ் டு வி கெட் டு கோணேஸ்வரம்?"
"யூ கெட் தெயர் த்ரூ த ஃபோர்ட், மேடம். கெட் இன், ஐல் டேக் யூ."
"கேன் யூ கெட் அஸ் பேக் பை சிக்ஸ்?"
"யெஸ், யெஸ். வி வில் கெட் பேக் பிஃபோ சிக்ஸ்."

நான்கு வரியில் ஐந்து கெட். முதலாவது, எப்படிப் போய்ச் சேருவது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போனால்தான் சுவாமி மலையும் கோயிலும் என்பதால் அந்தப் பதில். 'கெட் இன்' என்பது ஏறுங்கள். 'கெட் அஸ் பேக்' என்பதில் இடையில் ஆள் புகுந்துவிட்டார், எனவே எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவீர்களா என்ற கேள்வி. கடைசி, திரும்பி வந்துவிடுவோம்.

இடப்பெயருக்கு முன்னால் 'டு' வேண்டும்: "கெட் டு நிலாவெளி". ஆனால் ஹோம், ஹியர், தெயர் என்ற மூன்றுக்கும் 'டு' வராது. "ஐ கொட் டு ஹோம்" என்பது கட்டுரைத் தாள்களில் வருடம் தவறாமல் வந்து மார்க்ஸைக் கொண்டுபோகிற பிழை.

ஏறி இறங்கும் சொற்களில் 'இன்' எங்கே, 'ஒன்' எங்கே என்று பலரும் தடுமாறுகிறார்கள். எழுந்து நின்று நடமாடக்கூடிய வாகனத்துக்கு 'ஒன்': பஸ், ரயில், கப்பல், விமானம். குனிந்து உள்ளே புகுந்து உட்காருகிற வாகனத்துக்கு 'இன்': கார், ஓட்டோ, வான். இறங்கும்போது முதல் வகைக்கு 'கெட் ஒஃப்', இரண்டாவதுக்கு 'கெட் அவுட்'. காலைத் தூக்கிப் போட்டு ஏறுகிற சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் 'ஒன்' பக்கம். நிலாவெளியில் புறாத்தீவுக்குப் போகிற சின்னப் படகுக்கு "கெட் இன் த போட்". பெரிய ஃபெரி என்றால் "கெட் ஒன் த ஃபெரி".

வாகனத்தையே நேராக கெட்டுக்குப் பின்னால் வைத்தால், அதைப் பிடித்துப் போவது என்று பொருள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரைக்கும் சனம் 'பாதை' என்று நாம் சொல்லும் ஃபெரியில்தான் அக்கரைக்குப் போய் வந்தது. பழைய ஆட்கள் அதை ஆங்கிலத்தில் சொன்னால் "வி யூஸ்ட் டு கெட் த ஃபெரி". 'ஒன்' கிடையாது, ஏறுகிற செயலைப் பற்றிப் பேச்சில்லை.

பஸ்சில் கொண்டக்டர் முதல் ரீச்சர்மார் வரைக்கும் இலங்கையில் எல்லோரும் சொல்வது "கெட் டவுன்". பஸ்ஸால் இறங்கு என்று நமக்குள் நன்றாக விளங்கும், இந்தியாவிலும் விளங்கும். லண்டன்காரருக்கு அது குனி அல்லது கீழே படு என்று கேட்கக்கூடும். அவரிடம் "கெட் ஒஃப் ஹியர்" என்று சொல்லுங்கள். இதே 'கெட் டவுன்' இலங்கை ஆங்கிலத்தில் இன்னொரு வேலையும் பார்க்கிறது: "வி கொட் டவுன் த ஸ்பெயார் பார்ட்ஸ் ஃப்ரொம் ஜப்பான்." 'சாமான் இறக்கினோம்' என்று கடைக்காரர் சொல்கிறாரே, அச்சு அசல் அதேதான். என்னைக் கேட்டால் இதைப் பிழை என்று அடிக்கத் தேவையில்லை. நம் ஊர் ஆங்கிலத்தின் சொத்து அது. வெளிநாட்டுக்கு ஈமெயில் எழுதும்போது மட்டும் 'ஓர்டர்ட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: 'ஹேவ் கொட்'

இது சின்னப் படி. "ஹேவ் யூ கொட் எ ரூம்?" என்றால் ரூம் இருக்கா? இங்கே 'கொட்' இறந்தகாலம் இல்லை. 'கிடைத்ததா' என்று எடுத்துக்கொண்டு நேற்றைய கதை சொல்லத் தொடங்காதீர்கள். "யெஸ், வி ஹேவ்" அல்லது "சொரி, வி ஹேவின்ட்" போதும்.

'ஹேவ் கொட் டு' வந்தால் கட்டாயம்: "ஐ'வ் கொட் டு கோ", நான் போயே ஆக வேண்டும். 'ஹேவ்' இல்லாமல் வெறும் 'கொட் டு' வந்தால் வாய்ப்புக் கிடைத்தது: "வி கொட் டு சீ த வேல்ஸ்." சீசனில் திமிங்கிலம் பார்க்கப் போய் வந்தவர்கள் இப்படிச் சொன்னால் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளுங்கள், கட்டாயப்படுத்திக் காட்டியதாக இல்லை. வேகமாகப் பேசும்போது இந்த 'ஹேவ்' காதில் விழாமல் போவதும் உண்டு, அப்போது பேச்சின் போக்கை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஆறாம் படி: ஆளைக் கொண்டு செய்விப்பது

'நேற்றுத் தலைமயிர் வெட்டினேன்' என்கிறோம். வெட்டியது சலூன்காரர். தமிழ் இதைக் கண்டுகொள்ளாது, கேட்கிறவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் "ஐ கட் மை ஹெயார்" என்றால் கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு நீங்கள் நின்றதாகப் படம் வரும். 'பல்லுப் பிடுங்கினேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள், கேட்கிறவர் மிரண்டு போவார்.

சரியான கட்டு இதுதான்: கெட், அதற்குப் பின் பொருள், அதற்குப் பின் வினையின் மூன்றாவது வடிவம்.

"ஐ கொட் மை ஹெயார் கட்."
"ஐ கொட் எ டூத் புல்ட் அவுட்."
"ஷி கொட் எ ப்ளவுஸ் ஸ்டிச்ட்."
"வி மஸ்ட் கெட் த டயர் பெச்ட்." பஞ்சர் ஒட்டுவிக்க வேண்டும்.

வீடு கட்டுவதில் மட்டும் ஆங்கிலமும் நம்மைப்போலவே நடந்துகொள்ளும். மேசன்மார் கட்டினாலும் "வி பில்ட் எ ஹவுஸ்" என்று அவர்களும் சொல்வார்கள்.

செய்த ஆளையும் சொல்ல வேண்டும் என்றால் கெட், ஆள், 'டு', வினை. "ஐ கொட் மை பிரதர் டு ஃபிக்ஸ் த மோட்டர்": தம்பியைப் பிடித்து மோட்டாரைத் திருத்துவித்தேன். இதில் கொஞ்சம் கெஞ்சிய, இணங்க வைத்த வாடை இருக்கும். 'மேட்' போட்டால் கட்டாயப்படுத்தியதாகும், அங்கே 'டு' இல்லை: "ஐ மேட் ஹிம் ஃபிக்ஸ் இட்." இந்த 'டு' இடம் மாறி ஒட்டிக்கொள்வதுதான் வழமையான பிழை.

ஏழாம் படி: 'படு'

பிடிபட்டான், அகப்பட்டான், அடிபட்டான் என்று நாம் சொல்லும் இடங்களில் கெட்டுக்குப் பின்னால் வினையின் மூன்றாவது வடிவம் நேராக வரும். "ஹி கொட் கோட்", பிடிபட்டான். "மை ஃபோன் கொட் ஸ்டோலன்", என் போன் களவு போய்விட்டது. 'வொஸ் ஸ்டோலன்' என்றும் சொல்லலாம், பொலிசில் எழுதிக் கொடுக்கும்போது அதுதான் பொருத்தம். 'கொட்' போட்டால் தலையில் வந்து விழுந்தது என்ற பேச்சுத் தொனி.

நல்ல காரியமும் இதில் உண்டு: "கெட் மெரிட்". யாரோடு என்று சொல்லும்போது தமிழ் 'ஓடு' நம்மை 'வித்' பக்கம் இழுக்கும். வரவேண்டியது 'டு': "ஷி கொட் மெரிட் டு எ டீச்சர்."

எட்டாம் படி: ஒட்டிக்கொள்ளும் சிறு சொற்கள்

இவை நிறைய. எல்லாவற்றையும் பட்டியல் போட்டு மனனம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி. தேவைப்படுகிறவற்றைப் பேச்சில் வரவர எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்குச் சில.

'எழும்பு' என்ற நம் ஒரு சொல்லுக்கு அவர்களிடம் இரண்டு உண்டு. கண் விழிப்பது 'வேக் அப்', படுக்கையை விட்டு எழுவது 'கெட் அப்'. ஐந்து மணிக்கு விழித்து ஆறு மணிவரை புரண்டு கிடக்கிற பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். காய்ச்சலோ கவலையோ ஆறி மீள்வது 'கெட் ஓவர்'. போன் லைன் கிடைப்பது 'கெட் த்ரூ': "ஐ கூடின்ட் கெட் த்ரூ." எப்படிப் போகுது பாடு என்று விசாரிப்பது "ஹவ் ஆர் யூ கெட்டிங் ஒன்?" இதற்கும் பஸ் ஏறுவதற்கும் சம்பந்தமில்லை. ஒழித்துக்கட்டுவது 'கெட் ரிட் ஒஃப்'. சொன்னது விளங்கவில்லை என்றால் "ஐ டிடின்ட் கெட் தட்" என்று பணிவாகச் சொல்லிப் பழகுங்கள், விளங்காமல் தலையாட்டுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

ஒன்பதாம் படி: எங்கே தவிர்ப்பது

கெட் வாய்ப்பேச்சுக்கு உயிர். விண்ணப்பக் கடிதம், அலுவலகக் கடிதம், பரீட்சைக் கட்டுரை என்று வந்தால் அளவோடு வையுங்கள். கடிதம் வந்ததற்கு 'ரிசீவ்ட்', சான்றிதழ் பெற்றதற்கு 'ஒப்டெய்ன்ட்', நிலை மாறியதற்கு 'பிகேம்', வந்து சேர்ந்ததற்கு 'அரைவ்ட்'. ஹோட்டல் வேலைக்கு எழுதும் கடிதத்தில் "ஐ கொட் மை சர்டிபிகேட்" என்றிருந்தால் வேலை போகாது. ஆனாலும் 'ஒப்டெய்ன்ட்' என்று எழுதியவரின் தாள் மேலே நிற்கும். நேர்முகத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகு 'ஒப்டெய்ன்' போட்டுப் பேசினால் அது வேறு விதத்தில் உறுத்தும், அங்கே கெட்டே அழகு.

பயிற்சி

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கெட்டுக்குப் பின்னால் வருவது பொருளா, நிலையா, இடமா, ஆளா என்று கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

மழையில் நனைந்து போனோம்.
எனக்குச் சம்பளம் கிடைக்கவில்லை.
மாமி உவர்மலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தா?
அண்ணாவைக் கொண்டு கடிதத்தை எழுதுவித்தேன்.
மூக்குக்கண்ணாடியைத் திருத்தினேன், கடையில் கொடுத்து.

விடைகள்: "வி கொட் வெட் இன் த ரெயின்." "ஐ டிடின்ட் கெட் மை சாலரி." "வொட் டைம் டிட் ஆன்ட்டி கெட் டு உவர்மலை?" "ஐ கொட் மை பிரதர் டு ரைட் த லெட்டர்." "ஐ கொட் மை கிளாசஸ் ரிபெயார்ட்."

மூன்றாவதில் 'கொட்' என்று சொல்லியிருந்தால் முதற்படிக்குத் திரும்பிப் போங்கள். நான்காவதில் 'டு' விடுபட்டிருந்தால் ஆறாம் படி. கடைசியில் "ஐ ரிபெயார்ட் மை கிளாசஸ்" என்று சொன்னவர்களுக்கு ஒரு கேள்வி: கண்ணாடிக்கடை நடத்துகிறீர்களா?